அமாவாசைப் பட்டியல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தட்டில் கோழிக்குழம்பு ஆறிக்கொண்டிருக்க, கிருபாசங்கர் முன்பின் பார்த்திராத நான்கு பேருடன் போனில் நிலாவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, சோறு ஆறுதுங்க," என்றாள் லோகப்பிரியா. "அந்தக் கனடாக்காரனுக்குப் பசிச்சா அவன் ஊட்ல தின்னுக்குவான். நீங்க தின்னுங்க."

"ரெண்டே நிமிசம்."

"இதையே சொல்லி இருபது நிமிசம் ஆச்சு. போன வாரம் பேட்டரி பஸ்ஸு, அதுக்கு முந்தி பன்னெண்டு மணி நேர ஷிப்டு. இப்ப நிலாவா? அது உங்களை என்னங்க பண்ணுச்சு?"

அவன் கட்டைவிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் தண்ணீர்ச் சொம்பைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

"நேத்து நீங்க கடைக்குப் போயிருந்தப்ப அந்த அருள்குமாரோட சம்சாரம் வந்துச்சுங்க. ஆனைமலையில இருந்து ரெண்டு பஸ் மாறி. ஒரு சீப்புப் பழத்தை வெச்சுட்டு, 'வியாழக்கெழமை விசாரணைங்கக்கா, சார் எழுதறதுலதான் இருக்குது'ன்னு அழுதுபோட்டுப் போகுது. நான் என்னத்தச் சொல்லறது?"

"நான் எழுதறதை எல்லாம் எழுதிக் குடுத்தாச்சு," என்றான் கிருபாசங்கர், தலையைத் தூக்காமலே.

சூலூரிலிருந்து பல்லடம் போகிற சாலையில், பம்ப் மோட்டார் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவன் பாதுகாப்பு அதிகாரி. எட்டு வருடம் ஆகிறது. அங்கே அவனோடு யாரும் விவாதிப்பதில்லை. தொழிலாளிகளிடம் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்". முதலாளியிடம் எதைச் சொன்னாலும் "பார்க்கலாம் தம்பி". இரண்டுமே மரியாதையான சொற்கள்தான். இரண்டுக்கும் பிறகு பேச்சு இருக்காது. அதனால்தானோ என்னவோ, டெலிகிராமில் 'வேலையும் விஞ்ஞானமும்' என்ற குழுவில் மூன்று வருடமாகக் கிடையாய்க் கிடந்தான். பதினோராயிரம் பேர். யாருக்கும் யாரையும் தெரியாது. காலையில் யாராவது ஒரு செய்தியைப் போடுவார்கள். மத்தியானத்துக்குள் அதைக் கடித்துக் குதறி நாலு கட்சியாகப் பிரிந்திருப்பார்கள். அங்கே அவன் பெயர் 'ஸ்பேனர் 17'. அங்கே எவரும் "சரிங்க" என்று சொன்னதே இல்லை.

அன்றைய செய்தி, நிலாவின் பிறைக்கு ஏற்ப மனிதர்களின் தூக்கம் மாறுகிறது என்று எங்கோ ஒரு ஆய்வு சொன்னதாக வந்த துணுக்கு. அதைப் பிடித்துக்கொண்டு 'வளர்பிறை' என்ற பெயர்க்காரர் எழுதியிருந்தார்: "அமாவாசை, பௌர்ணமியில் விபத்து கூடுகிறது என்று நம் முன்னோர்கள் சொன்னபோது சிரித்தீர்களே. இப்போது வெள்ளைக்காரன் சொன்னால் கேட்பீர்களா?"

கிருபாசங்கருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூக்கத்தைப் பற்றிய ஆய்வு வேறு, விபத்து வேறு என்று எழுதினான். வளர்பிறை, "நீங்கள் என்ன பெரிய விபத்து நிபுணரா?" என்று கேட்டார். ஆமாம், அதுதான் என் பிழைப்பு என்று இவன் எழுதினான்.

ஓசூர்க்காரன் ஒருவன் நடுவில் புகுந்தான். "சும்மா வாயில வடை சுடாதீங்க ஸ்பேனரு. கணக்கு இருக்கா உங்ககிட்ட?"

"ஆறு வருடத்துக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு கீறலும் தேதி, மணியோடு."

"அப்ப போடுங்க பாஸ்! நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள போடுங்க. போடலைன்னா நிலா ஜெயிச்சுதுன்னு அர்த்தம்."

"போடுகிறேன்," என்று எழுதிவிட்டுத்தான் சோற்றில் கை வைத்தான். குழம்பின் மேல் எண்ணெய் ஏடு கட்டியிருந்தது.

திங்கட்கிழமை மத்தியான இடைவேளையில் முதலுதவிப் பதிவேட்டைத் திறந்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் அவனே பிடிவாதம் பிடித்து ஆரம்பித்தது. விரலில் கம்பி குத்தி மருந்து போட்டால்கூடத் தேதி, நேரம், பிரிவு, காயம், கையெழுத்து. ஆறு வருடத்தில் நானூற்றுப் பதினொரு வரிகள். அமாவாசைத் தேதிகளையும் பௌர்ணமித் தேதிகளையும் பக்கத்தில் ஏற்றிச் சேர்த்துப் பார்க்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

பௌர்ணமியில் ஒன்றுமில்லை. மற்ற நாட்களைப் போலத்தான். ஆலை ஓடிய அறுபத்திரண்டு பௌர்ணமிகளில் பதின்மூன்று காயங்கள்.

ஆலை ஓடிய அமாவாசைகள் அறுபத்து மூன்று. காயங்கள் முப்பத்தெட்டு.

பதினான்கு வந்திருக்க வேண்டிய இடம். அவன் தேதிகளைத் தினசரிக் காலண்டரோடு மறுபடி ஒத்துப் பார்த்தான். தீபாவளிக்கு முந்தைய அவசர உற்பத்தி நாட்களைக் கழித்தான். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கழித்தான். மழைக்காலத்தைத் தனியே எடுத்தான். என்ன கழித்தாலும் அந்த அமாவாசை நிமிர்ந்தே நின்றது. எழுந்து ஜன்னல் வரை போனான், வந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பிக் கூரை அதிரப் போயிற்று.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. போன அமாவாசை, செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐம்பது. பிரஸ் பிரிவு. அருள்குமார், வயது முப்பத்தொன்று. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும், நுனிக் கணு வரை துண்டிப்பு.

மோட்டார்த் தகடு வெட்டுகிற பிரஸ். காலால் மிதிக்க வேண்டும், தகட்டை இடுக்கியால் எடுக்க வேண்டும். அருள்குமார் கையால் எடுத்திருந்தான். கிருபாசங்கரின் அறிக்கை அரைப் பக்கம்தான். காரணம் என்ற கட்டத்தில், 'விதியை மீறிய கவனக்குறைவு'. அந்த மூன்று சொற்களை வைத்துத்தான் வியாழக்கிழமை உள்விசாரணை. அதன் முடிவில் அவனை வேலையை விட்டு எடுப்பார்கள் என்பது ஆலை முழுக்கத் தெரிந்த விஷயம். விரல் போன பிரஸ்காரனை வேறு எவன் வேலைக்கு எடுப்பான் என்பதும்.

இந்த நிலா விவகாரத்துக்கும் அந்த அறிக்கைக்கும் என்ன சம்பந்தம் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். ஒன்றுமில்லை என்று பதிலும் சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழுவில் ஆரம்பித்துவிட்டார்கள். "எங்க சார் டேபிளு?" "ஸ்பேனர் லூசாயிருச்சா?" "கோயமுத்தூர்க்காரர் மரியாதையா எஸ்கேப்புங்கோ!" போடாமல் விட்டால் நாளைக்கே மறந்துபோவார்கள். ஆனால் கணக்கில் பிடிக்காதது வந்தால் மறைப்பவர்களைத்தான் அவன் மூன்று வருடமாகக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறான். கம்பெனி பெயரையும் ஆட்களின் பெயரையும் நீக்கிவிட்டு, பட்டியலைப் போட்டான். கீழே ஒரு வரி: "நான் எதிர்பார்த்தது இதுவல்ல. காரணம் தெரியவில்லை."

அரை மணி நேரத்தில் எழுநூறு பேர் பார்த்துவிட்டார்கள்.

வளர்பிறை கும்பிடு போட்டார். "உண்மையை ஒப்புக்கொண்ட உங்கள் நேர்மைக்குத் தலைவணங்குகிறேன் ஐயா." நேற்றுவரை இவன் கட்சியில் நின்றவர்கள்தான் அதிகம் கடித்தார்கள். எண்களை இட்டுக்கட்டினான் என்றான் ஒருத்தன். "எந்த ஜோசியக்காரன்கிட்ட எவ்வளவு வாங்கினீங்க?" என்றான் ஓசூர்க்காரன். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அந்தப் பட்டியல் படமாகி, மேலே சிவப்பு எழுத்தில் 'கோவை பெரிய கம்பெனி இன்ஜினியர் ஒப்புதல்! அமாவாசையில் விபத்து மூன்று மடங்கு!' என்ற தலைப்போடு எங்கெங்கோ கிளம்பிவிட்டது. 'காரணம் தெரியவில்லை' என்ற வரியை யாரோ வெட்டியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவனுக்கு வேலை ஓடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்தான். படிகளில் ஏறும்போது படித்தான். தீயணைப்புக் கருவிகளுக்குச் சீட்டு மாட்டிக்கொண்டே பதில் எழுதினான். ஒரு சீட்டை மாற்றி மாட்டினான். அந்த இரைச்சலுக்கு நடுவே 'மழைமானி' என்று ஒருவர், அல்லது ஒருத்தி, குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தார்.

"மணி வாரியாகப் பிரித்தீர்களா?"

பிரிக்கவில்லை. பிரித்தான். முப்பத்தெட்டில் முப்பத்தொன்று, காலை ஒன்பது மணிக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில். இரவு ஷிப்டில் இரண்டே இரண்டு.

அதை எழுதினான். மழைமானியின் பதில் உடனே வந்தது.

"நிலாவுக்கு ஷிப்டு கிடையாது. மத்தியானம் பன்னிரண்டரைக்கு அது வேலையை முடித்துக்கொண்டு போகாது. அந்த நாளில் உங்கள் ஆலையில் காலை நேரத்தில் என்ன நடக்கிறது?"

"வித்தியாசமாக ஒன்றும் நடப்பதில்லை," என்று எழுதினான். யோசித்துவிட்டு, "பன்னிரண்டரை மணிக்கு வாசலில் பூசை உண்டு. திருஷ்டிப் பூசணி உடைப்போம். எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுப்போம். எட்டு வருடமாக நானும் வாங்கிச் சாப்பிடுகிறேன். அதனால் யாருக்கும் காயம் படாது," என்று சேர்த்தான். கொஞ்சம் எகத்தாளமாகவே.

"பன்னிரண்டரைக்கு என்ன நடக்கிறது என்று நான் கேட்கவில்லை. அதற்கு முன்னால் என்ன நடக்காமல் இருக்கிறது? நடக்காததை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை."

யார் இவர், எனக்கு என் ஆலையைப் பற்றிப் பாடம் எடுக்க? சுள்ளென்று ஏறிய கோபத்தோடு பதில் எழுத ஆரம்பித்தான். இரண்டு வரி எழுதி அழித்தான். மேசை இழுப்பறையிலிருந்து விபத்தன்று பயன்படுத்திய குறிப்பு நோட்டை எடுத்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அருள்குமார் சொன்னதைத் தன் கையெழுத்திலேயே எழுதி வைத்திருந்தான். 'கண்ணக் கட்டிக்கிட்டு வந்துச்சுங்க சார். காலு தானா மிதிச்சுப் போடுச்சுங்க.' அறிக்கையில் அதைச் சேர்க்கவில்லை. அடிபட்டவன் எல்லோரும் ஏதாவது ஒன்று சொல்லத்தான் செய்வான் என்று அன்றைக்குத் தோன்றியது.

மறுநாள் புதன்கிழமை, அமாவாசை. லோகப்பிரியா வழக்கம்போல வடைக்குப் பருப்பு ஊறவைத்திருந்தாள். வீட்டில் அமாவாசைக்குக் காலையில் டிபன் கிடையாது. காக்காய்க்குச் சோறு வைத்த பிறகுதான் எல்லாம். அதை அவன் விரதமாகவே எண்ணியதில்லை. காலையில் ஒரு காபி, ஆபீஸில் ஒரு காபி, இரண்டு பிஸ்கட். ஆபீஸ் கட்டிடத்தில் பொத்தானை அமுக்கினால் காபி வரும்.

மழைமானியின் கேள்விக்குப் பதில் தேடி, எட்டரைக்குப் போகிறவன் அன்று ஏழே முக்காலுக்கே ஆலையில் போய் நின்றான். ஆறு மணி ஷிப்டுக்காரர்கள் எட்டு மணிக்கு டிபன் சாப்பிடுவார்கள். கேன்டீன் வாசலில் கோலம் போட்டிருந்தது. உள்ளே ஈரத் தரை. நீள மேசைகளின் மேல் பெஞ்சுகள் கவிழ்ந்திருந்தன. இட்லிக் கொப்பரை துலக்கி, திருநீற்றுப் பட்டை பூசி, ஓரமாக இருந்தது. கேன்டீன் பொறுப்பாளர் சாந்தாமணி பூசணிக்காயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கக்கா, டிபன் இல்லீங்களா?"

"அட, சார் இந்நேரத்துக்கு! இன்னிக்கு அமாவாசைங்களே."

"அமாவாசைக்கு?"

"அடுப்பே பத்த வைக்கறதில்லீங்க. பதினோரு மணிக்குப் படையல் பொங்கலுக்கு வெப்பேன். படைச்ச பொறவுதான் மத்ததெல்லாம். நான் இங்க வந்து பதினாலு வருசம், அன்னையில இருந்து இப்பிடித்தானுங்க. உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"டீ?"

"டீ மட்டும் ஆகாசத்துலயா காச்சறது?" சாந்தாமணி சிரித்தார். "நம்ம கவுண்டர் ஊட்டுப் பசங்க பாதிப் பேரு விரதங்க. அவங்களுக்குப் பழக்கம். இந்த ஒடிசாப் பசங்கதான் பாவம், தட்டத் தூக்கிக்கிட்டு வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுதுங்க. அதுகளுக்கு அமாவாசைன்னு எவன் சொல்லறான்? ரூம்ல தனியா இருக்கறவனும் அப்பிடித்தான். அந்தப் பிரஸ் அருளு மாசாமாசம் வந்து, 'அக்கா, பழைய பன்னு கின்னு இருக்குதுங்களா'ம்பான்."

"வெளிய போய்க் குடிச்சிட்டு வரலாமுங்களே."

"கேட்டை எவன் தொறப்பான்? ஷிப்டு நடுவுல வெளிய உடக்கூடாதுன்னு நீங்கதானுங்களே ரூலு போட்டீங்க."

அவன்தான் போட்டான். சாலையைக் கடந்து டீக்கடைக்குப் போகையில் ஒருவனை லாரி உரசியதற்காக மூன்று வருடத்துக்கு முன்னால் போட்டது. மாதாமாதம் கேன்டீன் சோதனைத் தாளிலும் அவன்தான் கையெழுத்துப் போடுகிறான். சுத்தம், நன்று. குடிநீர், நன்று. அடுப்பு எரிகிறதா என்று அந்தத் தாளில் கட்டமே இல்லை.

அவன் நேரே பிரஸ் பிரிவுக்குப் போய் நின்றான். முந்தின ராத்திரி சாப்பிட்ட வயிற்றோடு ஆறு மணியிலிருந்து மிதித்துக்கொண்டிருக்கிறார்கள். மணி எட்டே கால். பன்னிரண்டரைக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, பிரஸ் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் நிறுத்தி எண்ணெய் போடச் சொன்னான். சாலைக்கு எதிரே இருந்த பேக்கரியில் இருநூறு பன்னும் இரண்டு கேன் டீயும் சொன்னான். கேன்டீனுக்குள் கொண்டுபோகவில்லை. சைக்கிள் கொட்டகையில் வைத்து எல்லோரையும் சாப்பிடச் சொன்னான். விரதக்காரர்கள் டீயை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஒடிசாப் பையன் ஒருவன் நாலு பன்னைச் சட்டைப்பையிலும் கையிலுமாக அடக்கிக்கொண்டு, இவனைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றான்.

பூசை முடிந்து பொங்கல் கொடுத்த கையோடு முதலாளி கூப்பிட்டார்.

வெங்கடபதிக்கு அறுபத்தெட்டு வயது. கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. நெற்றியில் திருநீறு இன்னும் ஈரமாக இருந்தது.

"உக்காருங்க தம்பி. பன்னு வாங்கிக் குடுத்தீங்களாமா. நல்ல காரியம்."

கிருபாசங்கர் காகிதங்களை மேசையில் பரப்பினான். முப்பத்தெட்டு, முப்பத்தொன்று, ஒன்பது மணி, பன்னிரண்டரை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நானும் சாப்படறதில்லீங்களே தம்பி. காலையில இருந்து பச்சைத் தண்ணிதான். எங்க சம்சாரம் ராமாமணியும் அப்பிடித்தான். நான் மயங்கியா விழுந்துட்டேன்?"

"நீங்க பிரஸ் மிதிக்கறதில்லீங்களே."

சொன்ன பிறகுதான் சொன்னதே தெரிந்தது. வெங்கடபதி சிரித்தார். உண்மையான சிரிப்பாகவே இருந்தது.

"அதுஞ் சரிதான். அடுத்த அமாவாசையில இருந்து டிபன் போடச் சொல்லிரலாமுங்க. படையலுக்குத் தனி அடுப்பு வெச்சுக்கலாம். ராமாமணிகிட்ட நானே பேசிக்கறேன். இது ஒரு விசயமே இல்லை. ஆனா ஒண்ணு..." அவர் காகிதங்களை அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சமப்படுத்தினார். "நாளைக்கு விசாரணையில இதைக் கொண்டுவர வேண்டாம். எங்கப்பா காலத்துல இருந்து நடக்கற பூசை. சாமி கும்பிட்டதுனால ஆளுக்கு வெரலு போச்சுன்னு நம்ம கம்பெனி தாள்ல ஒரு எழுத்து இருக்கக்கூடாது. இன்னிக்கு ஒருத்தன் படிப்பான், நாளைக்கு ஊரே படிக்கும்."

"அப்ப அருள்குமாருங்க?"

"அவன் இடுக்கி பிடிக்கலைங்கறது பொய்யா?"

"பொய்யில்லீங்க."

"அப்பறம் என்ன?" என்றார் வெங்கடபதி. போனை எடுத்துத் திருப்பிக் காட்டினார். சிவப்பு எழுத்துத் தலைப்பு, அதன் கீழே அவனுடைய பட்டியல். "எங்க பேரன் ஹர்ஷா அனுப்பிச்சான். பேரு ஊரு இல்லைதான். ஆனா இந்த பார்மட்டு நம்ம முதலுதவி நோட்டு பார்மட்டுதானுங்க தம்பி? யாரோ போட்டிருக்கறாங்க. யாருன்னு நான் கேக்கலை. நானும் அதைக் கேக்கலை, நீங்களும் அருள்குமாரைப் பத்திக் கேக்க வேண்டாம். சரீங்களா?"

"சரிங்க" என்றுதான் அவன் வாயிலிருந்து வந்தது. எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தான்.

அன்றைக்கு மீதி நாள் எப்படிப் போயிற்று என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. மேசையில் உட்கார்ந்தால் நடக்க வேண்டும்போல இருந்தது, நடந்தால் உட்கார வேண்டும்போல. குழுவில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள். நிலாவின் ஈர்ப்பு உடம்பிலுள்ள தண்ணீரை இழுக்கும் என்று ஒருவர் சமன்பாடு போட்டிருந்தார். மழைமானி ஒன்றும் எழுதவில்லை. கேட்ட கேள்வி அப்படியே நின்றது. அடுத்த மாதம் இட்லி வேகும், அது நல்லதுதான். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு. ஒரே ஒருத்தனைத் தவிர. அவனும்தான் இடுக்கி பிடிக்கவில்லையே. இப்படி ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் 'பழைய பன்னு கின்னு இருக்குதுங்களா' என்ற குரல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரலை அவன் கேட்டதுகூட இல்லை.

ஆறு மணிக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு அறிக்கையைத் திறந்தான். 'விதியை மீறிய' என்பதை அழிக்கவில்லை. இடுக்கி பிடிக்கவில்லை என்பது உண்மை. அதன் கீழே மூன்று பக்கம் எழுதினான். அன்று காலை உணவு வழங்கப்படவில்லை. தேநீர் வழங்கப்படவில்லை. வெளியே செல்ல அனுமதி இல்லை; அந்த விதியை இயற்றியவன் நான். தொழிலாளி மயக்கம் வந்ததாகச் சொன்னதை முதல் அறிக்கையில் நான் சேர்க்கவில்லை. அது என் பிழை. ஆறு வருடக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது. கீழே கையெழுத்துப் போட்டு இரண்டு பிரதி எடுத்தான்.

வியாழக்கிழமை காலை, விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் அருள்குமார் உட்கார்ந்திருந்தான். இடது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தான். கிருபாசங்கரைப் பார்த்ததும் எழுந்தான். கிருபாசங்கர் ஒரு பிரதியை அவனிடம் கொடுத்தான்.

"இது என்னோட திருத்தின அறிக்கைங்க. இன்னொண்ணு வக்கீல்கிட்டப் போகுது. உங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும்."

அருள்குமார் நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தான். உதடு அசைந்தது.

"சார், இதக் குடுத்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"தெரியலைங்க."

விசாரணை அதிகாரியாக வந்திருந்த வக்கீல் திருமலைசாமி கம்பெனி அமர்த்திய ஆள்தான். ஆனால் காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாத பழைய மனிதர். மூன்று பக்கத்தையும் படித்தார். வெங்கடபதி எதிரே உட்கார்ந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கிருபாசங்கரை அவர் பார்க்கவில்லை.

"இடுக்கி பிடிக்கலை. ஒத்துக்கறீங்களா?" என்றார் வக்கீல் அருள்குமாரிடம்.

"ஒத்துக்கறனுங்க."

"அன்னிக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?"

அருள்குமார் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. ஒரு மாதமாக அவனிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"ஒண்ணுமில்லீங்க. முந்தின நாள் ராத்திரி ஏழரைக்கு மூணு பரோட்டாங்க."

வக்கீல் அதை எழுதிக்கொண்டார். ஏழரை மணி என்பதையும் எழுதிக்கொண்டார். பிறகு வெங்கடபதியிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "இந்தத் தாள் பைல்ல ஏறினப்பறம், வேணும்னே விதியை மீறினாருன்னு நான் எழுத முடியாதுங்க. அப்பிடி எழுதினா, மேல கோர்ட்டுக்குப் போறப்ப உங்களைத்தான் கேள்வி கேப்பாங்க."

வெங்கடபதி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "வேலையில இருக்கட்டுமுங்க," என்றார். "பிரஸ் வேண்டாம். ஸ்டோர்ஸ்ல போடுங்க." எழுந்து கதவு வரை போனவர் திரும்பினார். "கிருபா, நாளைக்குப் பத்து மணிக்கு ரூமுக்கு வாங்க." தம்பி என்று சொல்லவில்லை.

பதினொரு மணிக்கு இருவரும் கேட்டைத் தாண்டி வந்தார்கள். அருள்குமார் ஊருக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றான். பஸ் நிறுத்தத்தில் நிழலே இல்லை. அவன் போனை நெஞ்சில் சாய்த்து, வலது கையால் வீட்டுக்குப் பேசினான். முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது. போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"என்னாச்சுங்க?"

"மாமனாருங்க. ஸ்டோர்ஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், அந்தக் கம்பெனிப் பக்கமே போகாதீங்கறாருங்க. அமாவாசையில வேலை செஞ்சா மூணு பங்கு ஆபத்தாமா. வாட்சப்புல ஏதோ பட்டியல் வந்துச்சாமா. என் சம்சாரத்தையும் பேச உடமாட்டேங்கறாரு."

கிருபாசங்கர் கையை நீட்டினான். "குடுங்க, நான் பேசறேன்."

போனில் மாட்டுக் கழுத்துமணிச் சத்தமும் யாரோ இருமுவதும் கேட்டது.

"ஏனுங்க, வணக்கமுங்க. நான் கம்பெனியில இருந்து பேசறனுங்க. அந்தப் பட்டியல்ல நிலாவுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. அன்னிக்குக் காலையில..."

"இருங்க, இருங்க. நீங்க யாருங்க அதச் சொல்லறதுக்கு?" என்றது அந்தக் குரல், மரியாதை குறையாமல். "கோயமுத்தூரு பெரிய கம்பெனி இன்ஜினியரே ஒத்துக்கிட்டு எழுதியிருக்கறாருங்க. ஆறு வருசக் கணக்குங்க. நீங்க படிச்சீங்களா இல்லீங்களா?"

"படிச்சனுங்க."

"படிச்சும் இப்பிடிப் பேசறீங்களே!"

அவன் ஏற வேண்டிய உக்கடம் பஸ் வந்து நின்றது. அருள்குமார் கண்டக்டரிடம் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, துண்டால் கையை மூடிக்கொண்டு கிருபாசங்கரின் பக்கத்திலேயே நின்றான்.

"அந்த இன்ஜினியரு தப்புப் பண்ணிட்டாருங்க," என்றான் கிருபாசங்கர், வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு. "காலையில ஆளுக சாப்பிட்டாங்களான்னு அவரு கேக்கவே இல்லீங்க. நான் மொதல்ல இருந்து சொல்லறனுங்க, கேளுங்க. நீங்க அமாவாசைக்கு விரதம் இருப்பீங்களா?"

"இருப்பனுங்க."

"இருந்துக்கிட்டுத் தென்னமரம் ஏறுவீங்களா?"



"வெறும் வயித்துல அதெப்பிடீங்க ஏறறது?" என்றார் அவர்.